அளவுக் கம்பம்

பொருள் எண் ஒன்பது வரும்போது மணி ஒன்றே கால்.
அதற்குள்
பழைய பஸ் நிலையக் கழிப்பறைக்குக் கதவு,
ஆறாவது வார்டில் எட்டு எல்.இ.டி. விளக்கு,
தெருநாய் பிடிக்கும் வண்டிக்கு டீசல்
எல்லாம் ஏகமனதாக முடிந்திருந்தன.
ஏகமனது என்றால்
எல்லோருக்கும் பசி என்று பொருள்.

எனக்கு வேலை எழுதுவது.
அவர்கள் தெலுங்கில் கத்துவார்கள்.
நான் தமிழில் "விவாதிக்கப்பட்டது" என்று எழுதுவேன்.
பதினோரு வருஷத்தில்
எத்தனை வசவுகளை
இந்த ஒரு சொல்லில் குளிப்பாட்டியிருக்கிறேன்.

ஒன்பது:
கொசஸ்தலைத் தரைப்பாலத்தில் வெள்ள அளவுக் கம்பம் நடுதல்.
மதிப்பீடு ரூபாய் ஏழாயிரத்து இருநூறு.
ஆந்திரா பக்கம் மதகு தூக்கினால்
போன் வருவதற்கு முன் தண்ணீர் வந்துவிடும்.
போன வருஷம்
பாவு நூல் ஏற்றிவந்த மொபெட்
முதலில் கிடைத்தது. ஆள் மறுநாள்.
நூல் ஒரு வாரம் நாணலில் சுற்றிக்கொண்டு
சாயம் போகாமல் இருந்தது.
நான் எழுதியது "அசம்பாவிதம்".

மீட்டரா அடியா என்றார் துணைத்தலைவர்.
தமிழா தெலுங்கா என்றார் லோகநாத நாயுடு.
பொறியாளர் கைபேசியில் விதி தேடினார்.
மூலையில் நின்ற மின்விசிறி
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து
இல்லை இல்லை என்றது.

மூன்று வருஷமாய் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்த
நாலாவது வார்டு புஜ்ஜம்மா
அன்றைக்கு எழுந்தார்.
"இருட்டுல, மழையில, வண்டிய நிறுத்திட்டு நிக்கிறவன்
புள்ளி எட்டு ஒம்போதுன்னா இன்னாத்தக் கண்டான்?
முழங்கால், இடுப்பு, கழுத்துன்னு எழுதுங்க.
பக்கத்துலயே
மோக்காலு, நடுமு, மெட."

யாருடைய முழங்கால் என்று பின்வரிசையில் சிரிப்பு.
"என்னுதுதான். நான் குட்டை.
என் கழுத்துக்கு வர்ற தண்ணி
உங்க மாருக்குத்தான் வரும்.
மிச்சம் உங்களுக்கு லாபம்."

விவாதிக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை காலை
செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு
காய்ந்த பாலத்தின் மேல், புதுக் கம்பத்தில்
முதுகு சாய்த்து நின்றார்.
டேப்பின் நுனியைக் கால்விரல் அருகே வைத்த பொறியாளர்
மேலே கொண்டுபோகத் தயங்கினார்.
புஜ்ஜம்மாவே இழுத்து
இடுப்பில் பிடித்துக்கொடுத்தார்.
அளவுப் புத்தகத்தில் ஏறியது:
முழங்கால் 0.41
இடுப்பு 0.89
கழுத்து 1.22
கழுத்துக்கு மேலே ஒரு முழம் கம்பம் சும்மா இருந்தது.
அங்கே என்ன எழுத என்றான் பெயிண்டர் முனிகிருஷ்ணன்.
"எழுதாத. அத படிக்க யாரு இருப்பா?"

டிசம்பரில், இரவு பதினொன்றரைக்கு,
நகரியிலிருந்து வந்த கடைசி பஸ்
முகப்பு விளக்கைக் கம்பத்தின்மேல் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் உறுமியது.
பிறகு கண்டக்டர் பின்னால் இறங்கி
விசில் ஊதிக்கொண்டே நடக்க
மெதுவாகப் பின்வாங்கிப் போனது.
உள்ளே பத்தொன்பது பேர் என்று
டீக்கடையில் சொன்னார்கள். முப்பது என்றும் சொன்னார்கள்.
அடுத்த கூட்டத்தில் யாரும் பேசவில்லை.
நடக்காமல் போனதற்குப் பொருள் எண் கிடையாது.

மார்ச்சில் தணிக்கை வந்தது.
"முழங்கால் அங்கீகரிக்கப்பட்ட அலகு அன்று.
ரூ. 7,200ஐ ஏன் திரும்ப வசூலிக்கக் கூடாது?
பதினைந்து நாளில் விளக்கம் அளிக்கவும்."

இன்று பதினான்காம் நாள்.
பார்வை ஒன்று: மன்றத் தீர்மானம், நகல் இணைப்பு.
பார்வை இரண்டு:
இடுப்பு என்ற சொல்லுக்கு இரண்டு விரற்கடை கீழே
வெயிலில் வெடித்தும் உதிராத
ஒரு சேற்றுக்கோடு. இணைக்க இயலவில்லை.

ஐயா,
மேற்படி அலகு நலமாக உள்ளது.
நாலாவது வார்டில்
இரண்டு விசைத்தறிகளுக்கு நடுவே வசிக்கிறது.
நேரில் ஆய்வு செய்வதானால் முன்கூட்டித் தெரிவிக்கவும்.
ஒருநாள் தறிக்கூலி கேட்கும்.